பக்கவேர் எங்கே முளைக்கணும்னு யார் முடிவு பண்றது? முந்திரித் தோப்பு முதல் பிச்சாவரம் வரை ஒரு விளக்கம்

2011 டிசம்பர் 30 காலை. 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத் தோப்புகளில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். முந்திரி அப்படி இல்லை. நட்டு, வளர்த்து, நல்ல காய்ப்புக்குக் கொண்டுவர வருஷக் கணக்கு ஆகும். சாய்ந்தது மரம் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் பல வருஷ வருமானம்.

'வேரோடு சாய்ந்தது' என்று நாம் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் ஒரு மரத்தின் வேர் எந்தப் பக்கம் போகும், எங்கே கிளைக்கும், எங்கே கிளைக்காமல் நின்றுவிடும்? இதை யார் முடிவு செய்கிறார்கள்? விதையிலேயே எழுதி வைத்திருக்கிறதா, இல்லை மண் சொல்கிறதா?

கடந்த 20 ஆண்டுகளில் தாவர விஞ்ஞானம் இந்தக் கேள்விக்கு நிறைய பதில் கண்டுபிடித்திருக்கிறது. சுருக்கமான பதில்: வேர் தொடும் மண்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அப்படியென்றால் நாம் தண்ணீர் விடுவது, உரம் போடுவது, டிராக்டர் ஓட்டுவது எல்லாமே வேருக்குக் கொடுக்கும் உத்தரவுகள். நமக்குத் தெரியாமலேயே கொடுக்கும் உத்தரவுகள். விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பக்கவேர் என்றால் என்ன?

பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கும். விதையிலிருந்து நேராகக் கீழே இறங்குவது ஆணிவேர். முந்திரி, மா, நிலக்கடலைக்கெல்லாம் இதுதான். நெல், கரும்பு, சோளத்துக்குத் தண்டின் அடியிலிருந்து கொத்தாக வருவது சல்லிவேர். இரண்டிலுமே, முக்கிய வேரிலிருந்து பக்கவாட்டில் கிளைத்து வருவதுதான் பக்கவேர். அந்தப் பக்கவேரிலிருந்து இன்னொரு பக்கவேர், அதிலிருந்து இன்னொன்று.

தண்ணீரையும் சத்தையும் தேடிப் பிடிக்கிற வேலையில் பெரும்பகுதி இந்தப் பொடிப்பொடி வேர்களுடையது. எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? 1937-ல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களை அளந்து கணக்குப் போட்டார். மொத்தம் 1.3 கோடிக்கும் மேல் வேர்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் சுமார் 620 கி.மீ. சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர்ந்துவிடலாம். வேர்த்தூவிகளை இதில் சேர்க்கவே இல்லை.

எப்படிப் பிறக்கிறது?

கிளை முளைப்பதற்கும் பக்கவேர் முளைப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிளை, தண்டின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மொட்டிலிருந்து வருகிறது. பக்கவேர் வேரின் உள்ளேயிருந்து பிறக்கிறது.

வேரின் நடுவில் தண்ணீர்க் குழாய்களும் உணவுக் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி ஒரே ஒரு அடுக்குச் செல்கள் இருக்கும். அதன் பெயர் பெரிசைக்கிள். இந்த அடுக்கில் இருக்கும் சில செல்கள் பிரிந்து பிரிந்து, ஒரு சின்ன மேடு போல ஆகி, அதற்கு வெளியே இருக்கும் அடுக்குகளைத் தாண்டி வெளியே வருகின்றன. அதுதான் புதுப் பக்கவேர்.

இதற்கு ஆணை கொடுப்பது ஆக்சின் என்ற ஹார்மோன். வேர் நுனிக்குச் சற்று மேலே இருக்கும் பகுதியில் இந்த ஆக்சினுக்கான எதிர்வினை கடிகாரம் போல ஏறி இறங்குகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில், சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தத் துடிப்பு வருவதை 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒவ்வொரு துடிப்பும் வேரில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். "இங்கே பின்னாடி ஒரு பக்கவேர் வரலாம்" என்கிற ரிசர்வேஷன் மாதிரி. ரிசர்வேஷன் இருக்கிற எல்லாரும் வண்டி ஏறுவதில்லை. அந்தப் புள்ளிகளில் எது வேராகும், எது அப்படியே தூங்கும் என்பது பிறகுதான் முடிவாகிறது.

சரி, உள்ளே பிறந்த வேர் வெளியே எப்படி வரும்? முட்டி மோதி உடைத்துக்கொண்டுதான் வரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். உண்மையில் கதவு திறந்துவிடப்படுகிறது. புதிய வேரிலிருந்து வெளியேறும் ஆக்சின், அதற்கு எதிரே இருக்கும் செல்களுக்குள் போகிறது. அந்தச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் ஒட்டுதலைத் தளர்த்தி விலகி வழி விடுகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரஞ்சன் ஸ்வரூப் உள்ளிட்ட குழு 2008-ல் இதை விளக்கியது.

தண்ணீர் எந்தப் பக்கம் என்று வேருக்குத் தெரியுமா?

தெரியும். அதுவும் ஆச்சரியமான துல்லியத்தில்.

மண்ணுக்குள் எல்லா இடத்திலும் ஈரம் ஒரே மாதிரி இருக்காது. ஒரே வேரின் இடது பக்கம் ஈர மண்ணையும், வலது பக்கம் ஒரு காற்று இடைவெளியையும் தொட்டுக்கொண்டிருக்கலாம். இப்படி ஒரு சூழலில் ஈரத்தைத் தொடும் பக்கத்தில்தான் பக்கவேர் வருகிறது, காற்றுப் பக்கத்தில் வருவதில்லை என்று 2014-ல் ஹோசே டின்னெனியின் குழு காட்டியது. அராபிடாப்சிஸ் வேர், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அவ்வளவு மெல்லிய பொருளின் இரண்டு பக்கங்களுக்கும் வித்தியாசம் தெரிகிறது! நெல், மக்காச்சோள வேர்களிலும் இதே பழக்கம் உண்டு.

இதன் பின்னால் இருக்கும் மெக்கானிசத்தில் ஒரு பகுதி 2018-ல் தெரிய வந்தது. ஆக்சினின் உத்தரவை நிறைவேற்றும் ஒரு புரதம் இருக்கிறது. காற்றுப் பக்கத்தில் அந்தப் புரதத்தின் மேல் ஒரு சின்ன மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டு பூட்டுப் போடுகிறது. ஈரப் பக்கத்தில் பூட்டு இல்லை, அதனால் வேலை நடக்கிறது.

வேர் நுனி முழுசாகவே ஒரு வெற்றிடத்துக்குள் போய்விட்டால்? மண்ணில் வெடிப்பு விழுந்திருக்கலாம், மண்புழு போன பாதையாக இருக்கலாம். அந்த நீளம் முழுக்கப் பக்கவேர் வருவது நின்றுவிடும். மறுபடி ஈர மண்ணுக்குள் நுழைந்ததும் திரும்ப ஆரம்பிக்கும். பூனம் மெஹ்ரா முதல் ஆசிரியராக இருந்த 2022 'சயின்ஸ்' ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது. வெளியிலிருந்து தண்ணீர் கிடைக்காதபோது, செடி தன் உள் குழாயிலிருந்து வேர் நுனிக்குத் தண்ணீர் அனுப்புகிறது. அந்த ஓட்டத்தோடு அப்சிசிக் அமிலம் என்ற வறட்சி ஹார்மோனும் உள்ளேயிருந்து வெளியே நகர்கிறது. அது செல்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய வாசல்களை மூடிவிடுகிறது. ஆக்சின் உள்ளே போக வழியில்லை. ஆக்சின் இல்லையென்றால் பக்கவேரும் இல்லை.

அதாவது, தண்ணீர் இல்லாத இடத்தில் வேர் விட்டு முதலீட்டை வீணாக்க செடி தயாராக இல்லை.

இதைத் தோப்புக்குக் கொண்டு வந்து பாருங்கள். சொட்டுநீர்க் குழாயை அடிமரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, வருஷக் கணக்கில் அங்கேயே தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? சின்ன வட்டத்துக்குள் வேர் அடர்த்தியாக இருக்கும். வெளியே போக அதற்குக் காரணமே இல்லை. மரம் பெரிதாக ஆக, சொட்டுவானை வெளிப்பக்கமாக நகர்த்தச் சொல்வது இதனால்தான்.

உரம் போட்டால் வேர் வளருமா?

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1975-ல் மால்கம் ட்ரூ என்ற ஆய்வாளர் பார்லி வேரை வைத்து ஒரு சோதனை செய்தார். வேரை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாகப் பிரித்து, நடுப்பகுதிக்கு மட்டும் நைட்ரேட் கூடுதலாகக் கொடுத்தார். அந்த நடுப்பகுதியில் மட்டும் பக்கவேர்கள் புதர் போல வளர்ந்தன. மேலும் கீழும் அரைகுறையாக நின்றன. பாஸ்பேட்டுக்கும் அதே கதை. பொட்டாசியத்துக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. எந்தச் சத்துக்காக எங்கே கிளைக்க வேண்டும் என்பதிலும் செடிக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா இடத்திலும் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால், அராபிடாப்சிஸ் பக்கவேர்களை நீட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. வீட்டு வாசலிலேயே டெலிவரி வந்தால் கடைக்கு யார் போவார்கள்?

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே வடலூர், நெய்வேலி, வடக்கே பண்ருட்டிப் பக்கம் போனால் செம்மண். இந்த மாதிரி மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் அதிகம். அவை பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மண்ணில் நகர்வதே அரிது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அது பெரும்பாலும் மேல்மண்ணில்தான் கிடைக்கும் என்பதால், மேலோட்டமாகப் பரவும் பக்கவேர்கள் நிறைய இருக்கும் செடிக்கு அங்கே லாபம்.

இதை வைத்துப் பயிரையே மேம்படுத்த முடியும் என்பதற்கு நம் துணைக்கண்டத்து நெல் ஒன்று உதாரணம். 'கசலாத்' என்ற பாரம்பரிய ரகம் பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். அதிலிருந்த 'பிஸ்டால்1' என்ற மரபணுதான் காரணம் என்று 2012-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிக்ரிட் ஹோயர் குழு 'நேச்சர்' இதழில் சொன்னது. அந்த மரபணு செய்யும் வேலை, நாற்றுப் பருவத்திலேயே வேரைச் சீக்கிரமாக, அதிகமாக வளர வைப்பது. இன்று நாம் அதிகம் பயிரிடும் பல நவீன ரகங்களில் அது இல்லை. உரம் நிறைய கிடைக்கும் வயலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களில், வேர் தேடும் திறமையை யாரும் கவனிக்கவில்லை.

மண் இறுகினால் வேர் ஏன் நின்றுவிடுகிறது?

இதில்தான் ட்விஸ்ட். மண் கெட்டியாக இருந்தால் வேருக்குத் துளைக்கும் பலம் இல்லை, அதனால் நிற்கிறது என்றுதான் நாம் நினைப்போம். 2021-ல் பிபின் பாண்டே உள்ளிட்ட நாட்டிங்ஹாம் குழு வேறு காரணம் சொன்னது.

வேர் எப்போதுமே எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் வெளியிடும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே எத்திலீன்தான். மண் பொலபொலவென்று இருந்தால், இடுக்குகள் வழியாக இந்த வாயு கலைந்து போய்விடும். மண் இறுகியிருந்தால் போக வழியில்லை, வேரைச் சுற்றியே தேங்கும். தேங்கிய எத்திலீனை 'இங்கே இடமில்லை' என்ற செய்தியாக எடுத்துக்கொண்டு, வேர் நீள்வதை நிறுத்திவிட்டுத் தடிக்கிறது. எத்திலீனை உணர முடியாதபடி மரபணு மாறிய நெல் வேர்கள், அதே இறுகிய மண்ணுக்குள் நன்றாகவே புகுந்து போயின.

ஆக, வேர் நிற்பது முடியாததால் மட்டுமல்ல. நிற்கச் சொல்லி அதற்குச் செய்தி போவதால்.

நம் வயல்களில் இது முக்கியமான விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஒரே ஆழத்தில் டிராக்டர் உழுகிறது, ஈரம் காயும் முன்பே அறுவடை மெஷின் இறங்குகிறது. உழும் ஆழத்துக்குக் கீழே மண் பலகை போல இறுகிவிடுகிறது. 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்ற பழமொழிக்கு வேரின் பக்கத்திலிருந்து இப்படி ஒரு அர்த்தமும் சொல்லலாம்.

மல்லாட்டைக்கு என்ன ஸ்பெஷல்?

நிலக்கடலையை இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்பார்கள். விருத்தாசலத்தில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வரும் 'வி.ஆர்.ஐ.' ரகங்கள் மல்லாட்டை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்தவை. முந்திரி ரகங்களும் அதே நிலையத்திலிருந்து வந்திருக்கின்றன.

முதலில் ஒரு கன்ஃப்யூஷனைத் தீர்த்துவிடலாம். மல்லாட்டைக் காய் வேரில் காய்ப்பதில்லை. மேலே பூத்த பூவிலிருந்து ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது. வேர் தனி.

அந்த வேரில்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றும் பாக்டீரியாக்கள் முடிச்சுகளில் குடியிருக்கின்றன. பயறு குடும்பத்தின் பல செடிகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும். மல்லாட்டையில் பாதை வேறு. பக்கவேர் தாய்வேரைப் பிளந்துகொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு நுண்ணிய விரிசல் விழுகிறது. அந்த விரிசல்தான் பாக்டீரியாவுக்கு வாசல். அடுத்த முறை ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் உற்றுப் பாருங்கள். முடிச்சுகள் கண்டபடி சிதறி இருக்காது, பக்கவேர் கிளைக்கும் கவட்டையில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியென்றால் பக்கவேர் குறைந்தால் மல்லாட்டைக்கு இரண்டு நஷ்டம். தண்ணீர் தேடும் வேரும் குறையும், நைட்ரஜன் வரும் வாசலும் குறையும்.

நெல்லுக்கு ஏன் காய்ச்சலும் பாய்ச்சலும்?

குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, பெருமாள் ஏரிப் பக்கமும் தெற்கே சிதம்பரம் வரையிலும் நெல் வயல்கள். நெல்லுக்குத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. நெல் தண்ணீரில் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் சரியான வார்த்தை. தேங்கிய நீருக்கு அடியில் மண்ணில் ஆக்ஸிஜன் இருக்காது. அதனால் நெல் தன் வேருக்குள்ளேயே காற்றுக் குழாய்களை அமைத்து, இலையிலிருந்து கீழே காற்றை அனுப்புகிறது.

நம் விவசாயிகள் காலம் காலமாகச் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில், தண்ணீர் விட்டு, வற்றவிட்டு, மறுபடி விடுவார்கள். செம்மை நெல் சாகுபடியிலும் இது ஒரு முக்கிய அம்சம். மண் ஈரம் இப்படி ஏறி இறங்கும்போது, சில நெல் ரகங்கள் பக்கவேர்களைக் கூடுதலாக விட்டு ஈடுகட்டுவதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லா ரகமும் இதைச் செய்வதில்லை. செய்யும் ரகத்துக்கு வறட்சியைத் தாங்கும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு காயவிடலாம்? வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, அதற்குள் நீர் மட்டம் பார்ப்பது எளிய வழி. மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கினால் மறுபடி தண்ணீர் விட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் வெளியேற்றமும் குறையும்.

ஆனால் ஒரு யதார்த்தம் இருக்கிறது. சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, இந்தத் தாழ்வான வயல்களில் தண்ணீரை வற்றவிடுவது விவசாயி கையில் இல்லை. 2015 நவம்பர் வெள்ளத்தை கடலூர் மாவட்டம் மறக்காது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் 'காய்ச்சல்' என்ற பாதி நடக்கவே நடக்காது. வேருக்கு நல்லது செய்ய, சில நேரம் வயலுக்கு வெளியே இருக்கும் வடிகாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

மேல்நோக்கி வளரும் வேர்களும் உண்டா?

உண்டு. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. போனால் பார்க்கலாம்.

பிச்சாவரத்தில் படகில் போகும்போது, சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போல ஆயிரக்கணக்கில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை செடிகள் அல்ல, வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள். மரத்திலிருந்து கேபிள் போலப் படுக்கையாக ஓடும் வேர்களில் கிளைக்கும் பக்கவேர்கள்தான் இவை. மற்ற வேர்கள் புவியீர்ப்பை நோக்கிக் கீழே போகும்போது, இவை எதிர்த்திசையில் மேலே வருகின்றன. காரணம் எளிது. அந்தச் சேற்றில் காற்று கிடையாது. மேலே வந்து, பட்டையில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்றை எடுத்து, கீழே இருக்கும் வேர்களுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் காட்டிலும் மனிதர்கள் மண்ணை மாற்றியபோது நடந்ததைப் பாருங்கள். முன்பு பகுதி பகுதியாக மரங்களை முழுசாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து குழியானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல் நீர் வெளியே போக முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. அங்கே எந்தச் செடியும் வேர் பிடிக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செய்த தீர்வு நாற்று நடுவதிலிருந்து ஆரம்பிக்கவில்லை. முதலில் மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டி, ஓத நீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது. அதற்குப் பிறகு நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. முதலில் மண், பிறகுதான் மரம்.

சரி, முந்திரி ஏன் சாய்ந்தது?

மரத்தைப் பிடித்து நிறுத்துவது ஆணிவேர் மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். காற்று தள்ளும்போது நான்கு விஷயங்கள் சேர்ந்து தாங்குகின்றன. வேரும் மண்ணும் சேர்ந்த மொத்தக் கட்டியின் எடை. காற்று வரும் பக்கத்துப் பக்கவேர்களின் இழுவிசை. எதிர்ப்பக்கத்துப் பக்கவேர்கள் வளையாமல் முட்டுக் கொடுப்பது. அடியில் மண்ணும் வேரும் விட்டுக்கொடுக்காமல் பிடிப்பது. இதில் இரண்டு நேரடியாகப் பக்கவேரின் வேலை. மழையில் மண் ஊறிவிட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும். முந்திரிக்கு இலை உதிர்க்காத, அகலமான கூரை. காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. 140 கி.மீ. வேகத்தில் எந்த மரத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் அடுத்த புயலுக்கு முன் நம் கையில் இருப்பது எது என்று பார்க்கலாம்.

முதலாவது, கன்று. "ஒட்டு மரத்துக்கு ஆணிவேர் கிடையாது" என்று ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கலாம். இது பாதி உண்மைகூட இல்லை. விண்பதியத்தில் கிளையிலேயே வேர் வரவைத்து நட்ட செடிக்குத்தான் ஆணிவேர் இருக்காது. அப்படி வளர்த்த முந்திரி புயலிலும் வறட்சியிலும் தாங்காது என்பது அனுபவத்தில் தெரிந்துதான் அந்த முறையைக் கைவிட்டார்கள். இன்று பரிந்துரைக்கப்படுவது மென்தண்டு ஒட்டு. இதில் அடிச்செடி விதையிலிருந்து வளர்ந்தது. எனவே ஆணிவேர் உண்டு. மேலே மட்டும்தான் நல்ல ரகத்தின் தண்டு.

இரண்டாவது, பை. அந்த நல்ல ஆணிவேர் பாலித்தீன் பைக்குள் ரொம்ப நாள் இருந்தால், அடியைத் தொட்டதும் சுருள ஆரம்பிக்கும். பக்கவேர்களும் பையின் சுவரைச் சுற்றி வளையம் போடும். வேர் மரத்துப்போன பிறகு அந்த வளையம் நிமிராது. தோட்டத்தில் நட்ட பிறகும் மரம் பைக்குள் இருப்பது போலத்தான் நிற்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. காற்று அடிக்கும் நாளில்தான் தெரியும்.

கன்று வாங்கும்போதும் நடும்போதும் கவனிக்க

* பையை மீறி வேர் வெளியே வந்த, வயதான கன்று வேண்டாம். உயரமான கன்று நல்ல கன்று என்று அர்த்தமில்லை.
* நடும் முன் பையை முழுசாக அகற்றுங்கள். அடியில் சுருண்ட பொடி வேர்களை நறுக்கிவிடுங்கள். வெட்டிய இடத்துக்கு மேலே புதுப் பக்கவேர் வரும்.
* ஒட்டு போட்ட இடம் மண் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.
* குழியின் சுவர் மண்வெட்டி பட்டு வழவழப்பாக இறுகியிருந்தால், அதைக் கொத்தி விடுங்கள். இல்லையென்றால் குழியே இன்னொரு தொட்டி.
* உரத்தை அடிமரத்தில் கொட்டாமல், தள்ளி வட்டமாகப் பறித்து இடுங்கள். மரம் வளர வளர வட்டமும் பெரிதாகட்டும்.
* தினமும் கொஞ்சம் தண்ணீர் விடுவதைவிட, இடைவெளி விட்டு நன்றாக நனையும்படி விடுவது வேரைக் கீழேயும் வெளியேயும் கூப்பிடும்.

தோப்பு இல்லை, பால்கனிதான் இருக்கு. எனக்கு?

விதி ஒன்றுதான். தொட்டியிலிருந்து செடியை ஒரு முறை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். வேர் தொட்டியின் வடிவத்திலேயே பாய் பின்னியது போல இருந்தால், அதற்கு இடம் போதவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அந்தப் பின்னலை விரலால் பிரித்துவிடுங்கள். தட்டில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. நெல்லுக்கு இருக்கும் காற்றுக் குழாய் வசதி உங்கள் ரோஜாவுக்கு இல்லை. மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர் போதும்.

தானேவுக்குப் பிறகு மறுபடி நட்ட முந்திரிகள் இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் பக்கவேர்கள் எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. இந்த வருஷம் நடப்போகும் கன்றுகளுக்கு இன்னும் முடிவாகவில்லை. பருவமழைக்கு முன் கன்று வாங்க நர்சரிக்குப் போகிறவர்கள் இலையை மட்டும் பார்க்காமல், பையின் அடியையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.